காகமும் பனம்பழமும்

வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் நம் வாயிலிருந்து வரும் முதற் கேள்வி, "என்ன ஆயிற்று?" என்பதன்று, "யார் கை வைத்தது?" என்பதே. கடிகாரம் நின்றாலும், மின்விசிறி முனகினாலும், பழுதைத் தேடுமுன் ஆளைத் தேடுகிறோம். ஆள் அகப்பட்டுவிட்டால் பழுதே பாதி நீங்கிவிட்டது போன்றதோர் ஆறுதல் நமக்கு! இந்தப் பழக்கம் எங்களிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை எங்கள் வீட்டுக் கணிப்பொறி ஒரு மழைக்காலத்தில் எங்களுக்கு உணர்த்தியது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒருவர் தமிழ் கற்பித்தவர். மற்றவர் கணக்குக் கற்பித்தவர். பணி ஓய்வுக்குப் பின்னர் பன்னிரண்டு ஆண்டுகளாக, தென்கடலோர ஊர்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைதோறும் காற்றுக்கு வழங்கும் பெயர்கள். வலையின் உறுப்புகளுக்கும் மரத்தின் பகுதிகளுக்கும் வழங்கும் பெயர்கள். நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லும் குறிப்புகள் என்று அவை விரிந்துகொண்டே போகும். அவற்றைச் சொல்லித் தந்த முதியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. நாங்கள் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளோ, 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தென் மாவட்டங்களைத் தாக்கிய பெருமழையில் ஊறிக் கூழாகிவிட்டன. மாடியறையில் இருந்ததால் கணிப்பொறி மட்டும் தப்பியது. ஆக, பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் அந்த ஒரு பெட்டிக்குள் 41 கோப்புகளாக இருந்தது. அதற்கு வேறெங்கும் நகல் இல்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தோம், எடுக்கவில்லை.

எதிர் வீட்டில் கல்லூரியில் முதலாண்டு பயிலும் தம்பி ஒருவன் இருக்கிறான். 2024 நவம்பரில் ஒரு நாள் மாலை, உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை அச்சிட வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். விண்ணப்பம் அச்சாகி முடிந்ததும், திரையின் ஓரத்தில் புதுப்பிப்பு காத்திருப்பதாக ஓர் அறிவிப்பு தெரிந்தது. "சார், அப்டேட் ரொம்ப நாளாப் போடாம இருக்கு. பாதுகாப்புக்கு வேண்டியது. போட்டுடவா?" என்று கேட்டான். "போடு தம்பி" என்றோம். இரவெல்லாம் அது ஓடிற்று.

மறுநாட்காலை மூன்று துன்பங்கள் ஒன்றாக வந்தன. கணிப்பொறி விழித்தெழவே கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்த பின்னும் அடிக்கடி உறைந்து நின்றது. அச்சுப்பொறி எவ்வளவு அழைத்தும் அசையவில்லை. இவை இரண்டையும் பொறுத்துக்கொண்டிருப்போம். மூன்றாவதைத்தான் தாங்க முடியவில்லை. சொற்களைத் தொகுத்த பழைய கோப்பு ஒன்றைத் திறந்தால், தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோப்புகளைத் திறந்தோம். எல்லாம் அப்படியே.

நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை. இடையில் நிகழ்ந்தது புதுப்பிப்பு ஒன்றே. அதைப் போட்டவன் அந்தத் தம்பி. இதற்குமேல் எங்களுக்குச் சான்று தேவைப்படவில்லை. எதிர் வீட்டுக்குச் சென்றோம். தெருவில் நின்றுகொண்டே, அவனுடைய தாயார் கேட்க, "தெரியாத பொருளில் கை வைக்கலாமா? பன்னிரண்டு வருட உழைப்பை ஒரு விரலால் அழித்துவிட்டாயே!" என்றோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாங்கள் கேட்கும் நிலையில் இல்லை. திரும்பி வந்து, இனி எந்தப் புதுப்பிப்பும் இந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று முடிவு செய்தோம்.

ஒரு வாரம் கழித்து, கணிப்பொறி பழுது பார்க்கும் பெண் ஒருவர் வந்தார். பக்கத்து ஊரில் சிறு கடை வைத்திருப்பவர். நாங்கள் வழக்கின் தீர்ப்பையே அவரிடம் எடுத்துரைத்தோம்: "புதுப்பிப்பால் கெட்டுவிட்டது. அதை நீக்கி, இனி வராதபடி பூட்டிவிடுங்கள்." அவர் உடனே எதையும் தொடவில்லை. "இருக்கலாம் ஐயா. ஆனா மூணு பழுது சொல்றீங்க. மூணுக்கும் ஒரே காரணம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கணக்காசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் "நிறுவு, நிறுவு" என்று சொன்ன வாய் அப்போது அடைத்துப்போயிற்று.

அடுத்து, வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். "முதல்ல நகல். நாடி பிடிக்கிறது அப்புறம்." கோப்புகளை எல்லாம் அதில் படியெடுக்கத் தொடங்கினார். 41 கோப்புகளில் 39 வந்தன. இரண்டு கோப்புகளைப் படிக்க இயலவில்லை என்று கணிப்பொறி சொல்லிவிட்டது. அவர் முகம் மாறிற்று. "இது அப்டேட் வேலை மாதிரி தெரியலையே" என்றார்.

பின்னர் அவர் செய்ததை நாங்கள் மாணவர்களைப் போல் அருகில் அமர்ந்து பார்த்தோம். இயக்குதளம் தனக்கு நேர்வதையெல்லாம் நாள்தோறும் தானே ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கிறது. எந்த நாளில் எந்தப் புதுப்பிப்பு வந்தது, எந்த மணியில் எது செயலிழந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அதைத் திறந்து தேதி வாரியாகக் காட்டினார். ஹார்ட் டிஸ்க்கில் பழுதான பகுதிகள் உள்ளன என்ற எச்சரிக்கை அக்டோபர் முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தது. புதுப்பிப்பு வந்ததோ நவம்பர் நடுவில்! நோய் ஐந்து வாரம் மூத்தது. குற்றவாளியாக நாங்கள் நிறுத்தியது நேற்றுப் பிறந்தது.

ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தேதி மட்டும் போதாது, சோதித்தும் பார்க்க வேண்டும் என்றார். கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கிக் கணிப்பொறியை மறுபடி தொடங்கினார். மந்தம் அப்படியே இருந்தது. கோப்புகள் ஆங்கிலக் குவியலாகவே இருந்தன. ஆனால் அச்சுப்பொறி உயிர்பெற்றது! மீண்டும் அதே புதுப்பிப்பைப் போட்டார். அச்சுப்பொறி மறுபடி ஊமையாயிற்று. "இது ஒண்ணுதான் அப்டேட்டால வந்தது" என்றார். நீக்கினால் நீங்க வேண்டும், சேர்த்தால் திரும்ப வர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அதைக் காரணம் எனலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால் எது மருந்து என்று தெரியாது. அச்சுப்பொறியை இயக்கும் பழைய சாஃப்ட்வேர், புதுப்பித்த இயக்குதளத்தோடு ஒத்துப்போகவில்லை. தயாரித்தவர்கள் வெளியிட்டிருந்த புதிய சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டதும் அது பேசத் தொடங்கியது. கால் மணி நேர வேலை.

அடுத்து எழுத்துகள். இங்கேதான் எங்கள் தலை குனிந்தது. புதுப்பிப்புக்குப் பத்து நாட்களுக்கு முன், ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கணிப்பொறி சொல்லிற்று. ஓராண்டாக நாங்கள் யூனிக்கோடு முறையிலேயே தட்டச்சு செய்வதால், பழைய தட்டச்சு மென்பொருள் இனி வேண்டியதில்லை என்று எண்ணி, அதை எங்கள் கையாலேயே நீக்கியிருந்தோம். பழைய கோப்புகளுக்குரிய எழுத்துரு அந்த மென்பொருளோடு வந்தது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பழைய முறையின் சூட்சுமத்தை அறிந்தால் வாசகர்களுக்கும் பயன்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பினுள் இருப்பது உண்மையில் தமிழன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் பூட்டிக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு விலகினால் உள்ளே இருப்பது வெளிப்பட்டுவிடும். யூனிக்கோடு அவ்வாறன்று. 1991இல் அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்றது. அதில் எழுதியது எந்தக் கணிப்பொறியிலும் தமிழாகவே நிற்கும்.

"அப்படியானால் நீக்கிய அன்றே எழுத்து மாறியிருக்க வேண்டாமா? ஏன் புதுப்பிப்புக்கு மறுநாள் மாறிற்று?" என்று கேட்டோம். "நீங்க கம்ப்யூட்டரை எப்பவாவது முழுசா அணைப்பீங்களா அம்மா?" என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் அணைப்பதில்லை, உறங்க வைத்துவிட்டுப் போவதே வழக்கம். அதனால் நினைவகத்தில் ஏறியிருந்த எழுத்துரு, நீக்கிய பின்னும் பத்து நாட்கள் அங்கேயே தங்கியிருந்தது. புதுப்பிப்பு முடிந்து கணிப்பொறி தானே மறுபடி தொடங்கிய போதுதான் அது விடைபெற்றது. பழைய பழுதுகள் எல்லாம் புதுப்பிப்பின் மறுநாளே முளைப்பது போல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர் விளக்கினார். மறைந்திருந்த குறைகள் மறுதொடக்கத்தின்போது வெளிவரும்.

மூன்றாவது, மந்தம். ஹார்ட் டிஸ்க்கினுள் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு உண்டு. அதைப் பார்த்தார். படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. எட்டாண்டு உழைத்த தட்டு அது. புதுப்பிப்பு என்பது ஏராளமான கோப்புகளை ஒரே மூச்சில் படித்து, ஏராளமாக எழுதும் வேலை. தளர்ந்த மனிதனை மலையேறச் சொன்னால் அன்றுதான் அவன் நோய் ஊருக்குத் தெரியும். மலை அவனுக்கு அந்நோயைத் தரவில்லை. பழைய தட்டை எடுத்துவிட்டு, சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார். மந்தம் நீங்கிற்று. பழைய எழுத்துருவை மீண்டும் சேர்த்து, 39 கோப்புகளையும் யூனிக்கோடுக்கு மாற்றித் தந்தார்.

படிக்க முடியாத இரண்டு கோப்புகளையும் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப முயன்றார். ஒன்று வந்தது. மற்றொன்று வரவே இல்லை. நீரோட்டங்களைப் பற்றி ஒரு முதியவர் மூன்று மாலைப் பொழுதுகளில் எங்களுக்குச் சொல்லித் தந்தவை அதில் இருந்தன. அவர் மறைந்து நான்காண்டுகள் ஆகின்றன.

அவர் போகும்போது ஒன்று சொன்னார்: "அப்டேட்டைப் பூட்டிட்டு அப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா, இன்னும் ஒரு மாசத்துல நாப்பத்தொண்ணும் போயிருக்கும்." காரணத்தைத் தவறாகக் கண்டால், உண்மையான நோயை வளரவிடுகிறோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது" என்று நம் முன்னோர் சொன்னதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். காகம் அமர்ந்ததும் பழம் விழுந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. கணிப்பொறியைப் பொறுத்தவரை ஒன்றைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டு வருகிறது. ஆகவே எந்த நாளில் எந்தப் பழுது வந்தாலும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு புதுப்பிப்பு வந்திருக்கவே செய்யும். இந்தப் பனையில் காகம் எப்போதும் அமர்ந்தே இருக்கிறது!

இதனால் புதுப்பிப்புகள் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. சில நாட்களுக்குள் அதனை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் வங்கிகளும் மருத்துவமனைகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. அவை நீலத்திரையோடு நின்றதால் பலரும் முதலில் விண்டோஸையே பழித்தனர். உண்மைக் காரணமோ, கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பு. அதற்கு முந்தைய இரவில்தான் மைக்ரோசாஃப்டின் அமெரிக்க மையம் ஒன்றில் வேறொரு தடங்கல் தனியாக நிகழ்ந்திருந்தது. அடுத்தடுத்து வந்த இரண்டையும் ஒன்றே என்று கருதியவர்கள் பலர். எங்கள் மாடியறையில் நடந்த குழப்பந்தான் உலக அளவிலும் நடந்தது.

மறுபுறம், புதுப்பிப்பை மறுத்தவர்களின் கதையும் உண்டு. 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு, இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியாகியிருந்தது. போடாமல் விட்டவர்களே பெரிதும் அகப்பட்டனர். எதிர் வீட்டுத் தம்பி அன்று சொன்னது சரிதான்: அது பாதுகாப்புக்கு வேண்டியதே.

இனி அவனிடம் போக வேண்டியிருந்தது. கணிப்பொறி சரியாகி மூன்று நாட்கள் நாங்கள் போகவில்லை. தெருவில் அவன் எதிர்ப்பட்டால் தலையசைத்துவிட்டு நகர்ந்தோம். அவனை வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். "பழி சொன்னது தெருவில், மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளா?" என்று மற்றவர் கேட்டார். அதற்கு விடை இல்லை. அன்று மாலையே எதிர் வீட்டு வாசலில், அவனுடைய தாயார் முன்னிலையில் நின்றோம். "தம்பி, தப்பு உன் மேல் இல்லை. எங்கள் ஹார்ட் டிஸ்க் முன்பே கெட்டுப்போயிருந்தது. எழுத்துருவை நீக்கியதும் நாங்கள்தான். விசாரிக்காமல் உன்னைப் பேசிவிட்டோம். மன்னித்துக்கொள்" என்றோம்.

"விடுங்க சார், விடுங்க டீச்சர்... சின்னப் பையன்தானே" என்று அவனுடைய தாயார் பதறினார். அவன் பதறவில்லை, சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஹார்ட் டிஸ்க்கா சார்? அன்னைக்கு அச்சுப் போடும்போதே உள்ளே டிக் டிக்குனு சத்தம் வருதுன்னு சொன்னேனே. காத்தாடி சத்தம்னு சொன்னீங்க" என்றான்.

அவன் சொல்லியிருந்தான். இப்போது எங்களுக்கும் நினைவு வந்தது. மறுநாள் காலை அவன் வாயெடுத்ததும் இதைச் சொல்லத்தானோ என்னவோ! நோயைக் கண்டவனையே நோயைத் தந்தவனாக்கி, அவன் வாயையும் அடைத்திருக்கிறோம். அன்றே அவனைப் பேசவிட்டிருந்தால், அந்த ஒரு கோப்பும் பிழைத்திருக்கக் கூடும். தட்டில் பழுது நாளுக்கு நாள் பரவிக்கொண்டிருந்த அந்த ஒரு வாரத்தை நாங்கள் கோபத்தில் செலவழித்தோம்.

போன கோப்பை நினைவிலிருந்து மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அம்முதியவர் சொன்னவற்றுள் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. இப்போது கோப்புகளின் ஒரு நகல் வெளித் தட்டிலும், மற்றொரு நகல் வேறு ஊரில் எங்கள் மகள் வீட்டிலும் இருக்கின்றன. மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலை நகலெடுக்கும் பொறுப்பை அந்தத் தம்பி தானாகவே ஏற்றுக்கொண்டான். கணிப்பொறியின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. எதைப் போட்டோம், எதை நீக்கினோம், என்றைக்கு என்று இருவரும் அதில் எழுதி வைக்கிறோம். அடுத்த முறை பனம்பழம் விழும்போது, காகத்தைத் துரத்துமுன் அந்த ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குள் நாங்கள் செய்துகொண்ட உடன்பாடு.

சென்ற மாதமும் அவன் வந்திருந்தான். திரையின் ஓரத்தில் வழக்கமான அறிவிப்பு தோன்றிற்று. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். "சார், அப்டேட் கேக்குது."

"நகல் எடுத்தாயிற்றா?"

"எடுத்தாச்சு சார்."

"ஏட்டில் எழுதிவிட்டுப் போடு, தம்பி" என்றோம்.